ஒரே வாணலியில் பயறும் கீரையும்: ஐந்து தடவை செய்து பார்த்த பதிவு

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அரை மணி நேரத்தில் தட்டில் சாப்பாடு இருக்க வேண்டும். கழுவுவதற்கு ஒரு பாத்திரத்துக்கு மேல் சேரக் கூடாது. வயிறும் நிறைய வேண்டும், கீரையும் உள்ளே போக வேண்டும். இதற்காகத்தான் வெந்த பயறையும் கீரையையும் வாணலியில் வதக்கிச் செய்யும் இந்தச் சாப்பாட்டைக் கையில் எடுத்தேன். மூன்று வாரத்தில் ஐந்து தடவை செய்தேன். முதல் தடவை வந்தது கொழகொழவென்று ஒரு கூழ். ஐந்தாவது தடவை, தோல் மொறுமொறுவென்று சிவந்து உள்ளே வெண்ணெயாகக் குழைந்த பயறு, அதனோடு நிறம் மாறாத கீரை, வாணலியின் அடியில் இரண்டு கரண்டி கெட்டிச் சாறு. போட்ட பொருட்கள் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை எப்போது போடுவது, தண்ணீர் எந்த நேரத்தில் இருக்க வேண்டும், எந்த நேரத்தில் இருக்கவே கூடாது என்பதில்தான் எல்லாம் இருந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர் விஷயம். பயறு என்றதும் பலருக்கும் பச்சைப்பயறுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது முற்றிக் காய்ந்த பெரிய விதைகள். ராஜ்மா, வெள்ளை ராஜ்மா, காராமணி, கொண்டைக்கடலை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நான் பெரும்பாலும் வெள்ளை ராஜ்மாவை எடுத்தேன். தோல் மெல்லியது, உள்ளே மாவு அதிகம், வாணலியில் நன்றாகச் சிவக்கும். இரண்டு பேருக்கு வெந்த பயறு இரண்டு கப், கீரை 250 கிராம், ஒரு வெங்காயம், ஐந்து பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி கொரகொரப்பாகப் பொடித்த காய்ந்த மிளகாய், அரை மூடி எலுமிச்சம்பழம், உப்பு. வாணலி, 26 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான வார்ப்பிரும்பு வாணலி.

முதல் தடவை

டப்பாவில் அடைத்து வரும் வெந்த பயறோடு ஆரம்பித்தேன். 400 கிராம் டப்பாவில் நீரை வடித்தால் பயறு சுமார் 240 கிராம் தேறும். அந்த நீரில் உப்பு நிறைய இருக்கும். வடித்து, குழாயடியில் ஒரு அலசு அலசினால் உப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அதைச் செய்தேன். ஆனால் அலசிய கையோடு, சொட்டச் சொட்ட ஈரத்துடன் வாணலியில் கொட்டினேன். கூடவே வெங்காயம், பூண்டு, நறுக்கிய கீரை எல்லாவற்றையும் போட்டுக் கிளறினேன். ஒரே பாத்திரம்தானே, எல்லாம் ஒன்றாகவே வேகட்டும் என்ற எண்ணம்.

இரண்டு நிமிடத்தில் வாணலியில் ஒரு குளம் நின்றது. பாலக் போன்ற மெல்லிலைக் கீரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர்தான். அப்படியானால் 250 கிராம் கீரைக்குள் ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. சூடு பட்டதும் இலையின் செல்கள் உடைந்து அது வெளியே வரும். வாணலியில் தண்ணீர் நிற்கும்வரை, அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதில் கிடக்கும் பொருளின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பயறின் மேல்தோல் சிவந்து மணம் வர 140 டிகிரியாவது வேண்டும். அந்தத் தண்ணீர் வற்றி முடிவதற்குள் கீரை பழுப்பாகி, பயறு கரைந்து, இரண்டும் ஒன்றோடொன்று குழைந்துவிட்டது. ருசி மோசமில்லை. ஆனால் வாயில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. கடிக்க எதுவுமே இல்லை.

இரண்டாவது தடவை

இந்த முறை பயறைத் தனியாகச் சிவக்க வைத்துவிட்டுத்தான் கீரை என்று முடிவு செய்தேன். வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் ஊற்றி, வடிகட்டிய பயறைப் போட்டேன். வடிகட்டினேனே தவிர துடைக்கவில்லை. போட்டதும் சடசடவென்று எண்ணெய் தெறித்தது. இரண்டு மூன்று பயறு படாரென்று வெடித்து, ஒரு துளி எண்ணெய் மணிக்கட்டில் விழுந்தது. உடனே அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயடியில் கையை நீட்டினேன். சூட்டுக் காயத்துக்கு ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி கூடாது, வெண்ணெய், பற்பசை எதுவும் தடவக் கூடாது. 20 நிமிடம் என்பது நிற்கும்போது ரொம்ப நீளமாகத் தெரியும். ஆனாலும் நின்றேன். மறுநாள் ஒரு சிவந்த புள்ளிதான் மிச்சம்.

பயறு வெடிப்பதற்குக் காரணம் அதன் தோல். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். தோல் கிழியாமல் இறுக்கமாக இருந்தால் ஆவி சேர்ந்து ஒரே அடியாக உடைத்துக்கொண்டு வரும். மேலே ஒட்டியிருக்கும் ஈரம் எண்ணெயில் விழுந்து தெறிப்பது வேறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பயறை ஒரு பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றாட விட வேண்டும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. தெறிப்பைத் தடுக்கும் வலைமூடி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம். தட்டால் இறுக்கி மூடிவிடக் கூடாது. ஆவி உள்ளேயே நின்று மறுபடியும் வேகவைக்கத் தொடங்கிவிடும்.

காயத்துக்குப் பிறகு மீண்டும் அடுப்பைப் பற்றவைத்துத் தொடர்ந்தேன். அங்கே இன்னொரு தவறு. அரை நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிக்கொண்டே இருந்தேன். பயறு சிவப்பதற்குப் பதிலாக உடைந்தது. உடைந்த மாவு அடியில் ஒட்டித் தீய்ந்தது. கிளறுவது கையின் பழக்கம். அதை அடக்குவதுதான் இந்தச் சமையலில் எனக்குப் பட்ட பெரிய கஷ்டம்.

மூன்றாவது தடவை: பயறை வீட்டிலேயே வேகவைத்தது

டப்பாப் பயறு வசதிதான். ஆனால் அது ஏற்கெனவே நன்றாகக் குழைந்திருக்கும். வீட்டில் வேகவைத்தால் நமக்கு வேண்டிய பதத்தில் நிறுத்தலாம். வெந்த தண்ணீரும் கிடைக்கும். அந்தத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு கப் காய்ந்த பயறு வெந்தபின் இரண்டரையிலிருந்து மூன்று கப் வரை வரும். முதல் நாள் இரவே ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து அதில் ஊறப் போட்டேன். உப்பு போட்டால் பயறு வேகாது என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். விஷயம் தலைகீழ். பயறுத் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருளும், அதைக் கட்டி வைத்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடிக்கும்போது கட்டு தளர்கிறது. தோல் மென்மையாகவும் சீராகவும் இளகுகிறது, கிழிந்து பிரிவதும் குறைகிறது. உப்பில்லாமல் ஒரு கைப்பிடியைத் தனிக் கிண்ணத்தில் ஊறவைத்து, தனியாகவே வேகவைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் தோல் கழன்றிருந்தது. உப்பில் ஊறியவை முழுசாக, பளபளவென்று இருந்தன.

பயறை முழுசாக வேகவைக்காமலே முடித்துவிடலாமா என்று அவசரப்படுபவர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ராஜ்மா வகையில், முக்கியமாகச் சிவப்பு ராஜ்மாவில், ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து விதை உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். கொதிக்கும் சூட்டில்தான் அது அழியும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடுவது ஆபத்து. அதற்குள் சூடு கொதிநிலையை எட்டாமலே பல மணி நேரம் போகலாம், நச்சு அழியாது. சிவப்பு ராஜ்மாவோடு ஒப்பிட்டால் வெள்ளை ராஜ்மாவில் இது குறைவு. ஆனாலும் நான் அதே முறையைத்தான் பின்பற்றுகிறேன். டப்பாவில் வருவது முழுமையாக வெந்தது, பயமில்லை.

சரி, தவறு எங்கே நடந்தது? வேகும்போதே இரண்டு தக்காளியை நறுக்கிப் போட்டேன். ருசி ஏறும் என்று நினைத்தேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்தும் பயறு நடுவில் நறுக்கென்று கடிபட்டது. புளிப்பு பெக்டினைக் கரையவிடாது. பயறு முழுசாக மெத்தென்று ஆன பிறகுதான் தக்காளியோ எலுமிச்சையோ உள்ளே வர வேண்டும். கடினத்தன்மை மிகுந்த தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், அதிலுள்ள கால்சியம்தான் காரணம். தண்ணீர் அப்படிப்பட்டதாக இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் வீணாகும். எல்லாம் சரியாகச் செய்தும் வேகவில்லையென்றால் பயறு பழசு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்காகக் கிடந்த பயறு எவ்வளவு கொதித்தாலும் முழுசாக மெத்தென்று ஆகாது. அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

அன்றைய பயறை மறுபடி குக்கரில் ஏற்றி ஒருவழியாக வேகவைத்தேன். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறும் என்பதால் அடம்பிடித்த பயறும் இளகியது. ஆனால் அதற்குள் இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. கீரை வரை போகவே இல்லை. பயறை மட்டும் உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட்டுப் படுத்தோம்.

இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. விடுமுறை நாளில் இரண்டு கப் பயறை மொத்தமாக வேகவைத்து, அதன் தண்ணீரோடு சேர்த்துச் சின்ன டப்பாக்களில் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன். தண்ணீரோடு வைத்தால் பயறு வறண்டு வெடிக்காது. காலையில் ஒன்றை எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மாலைக்குள் பெரும்பாலும் இளகியிருக்கும். நடுவில் கட்டி மிச்சமிருந்தால் டப்பாவைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்தால் போதும். அரை மணி நேரச் சாப்பாடு என்று சொல்வது இந்த முன்வேலையை நம்பித்தான்.

நான்காவது தடவை: கீரையும் பூண்டும்

பயறு இப்போது கைவசப்பட்டுவிட்டது. ஈரமில்லாமல் துடைத்து, வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, கிளறாமல் விட்டேன். அழகாகச் சிவந்தது. அதன் மேலேயே பூண்டைப் போட்டேன். தப்பு. மெல்லிசாக நறுக்கிய பூண்டு வெளிர்மஞ்சளிலிருந்து பொன்னிறம் ஆவதற்கு முக்கால் நிமிடம் போதும். அடுத்த கால் நிமிடத்தில் கருகிக் கசக்கும். பயறைச் சிவக்க வைத்த வாணலி அப்போது பூண்டுக்குத் தேவையானதைவிட மிக அதிகச் சூட்டில் இருந்தது. வார்ப்பிரும்பு ஒரு தடவை சூடேறினால் லேசில் ஆறாது. அடுப்பைக் குறைத்தாலும் சில நிமிடம் தன் சூட்டை வைத்துக்கொண்டே இருக்கும். அதுதான் அதன் பலம், பூண்டு விஷயத்தில் அதுவே தொல்லை.

கீரையில் இன்னொரு பாடம். இந்தத் தடவை எடுத்தது கேல், முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த தண்டு தடித்த கீரை. இலையையும் தண்டையும் ஒன்றாக நறுக்கிப் போட்டதில் இலை வெந்தும் தண்டு நார்நாராக நின்றது. நிறம் நிற்கட்டும் என்று யாரோ சொன்ன நினைவில், கீரையோடேயே எலுமிச்சையையும் பிழிந்தேன். நடந்தது நேர்மாறு. ஐந்து நிமிடத்தில் பளிச்சென்ற பச்சை, காய்ந்த புல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது கழன்று அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து அமரும். அப்போது பச்சை போய் மங்கிய பழுப்பு வரும். புளிப்பே சேர்க்காவிட்டாலும் நீண்ட நேரம் மூடி வேகவைத்தால் இதேதான் நடக்கும், கீரையில் இயல்பாக இருக்கும் அமிலமே போதும். ஆகவே கீரைக்குச் சூடு பலமாகவும் நேரம் குறைவாகவும் இருக்க வேண்டும். எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு.

எலுமிச்சையைக் கடைசியில் சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே சி வைட்டமின் இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்த வைட்டமினோ சூட்டில் சிதையும். கடைசியில் பிழிந்தால் நிறமும் தப்பும், சத்தும் தப்பும். பாலக் கீரையில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் கேல் பக்கம் போவது நல்லது. அதில் ஆக்சலேட் மிகக் குறைவு.

ஐந்தாவது தடவை

இந்தத் தடவை கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலை, பயறை வடித்துத் துணியில் பரப்பியது. வடித்த தண்ணீரில் அரை கப்பைக் கொட்டாமல் தனியே வைத்தேன். பூண்டை நசுக்கி, அப்புறம் நறுக்கி, ஓரமாக வைத்தேன். பூண்டின் காரமான மணத்துக்குக் காரணமான அல்லிசின், பல்லை நசுக்கிய பிறகுதான் உருவாகிறது. அதை உருவாக்கும் நொதி சூடு பட்டால் செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டால் அது தன் வேலையை முடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கேல் கீரையை இரண்டு தண்ணீரில் அலசினேன். நடுத்தண்டை இலையிலிருந்து உருவி எடுத்தேன். அடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மேல்நோக்கி இழுத்தால் இலை ஒரே இழுப்பில் வந்துவிடும். தண்டைப் பொடியாகவும் இலையைக் கையகலமாகவும் நறுக்கினேன். இலையில் ஒட்டியிருந்த ஈரத்தை உதறினேனே தவிர முழுசாகத் துடைக்கவில்லை. பயறுக்குக் கூடாத ஈரம் கீரைக்கு வேண்டும்.

வாணலியை நடுத்தர நெருப்பில் ஐந்து நிமிடம் காயவிட்டேன். எண்ணெய் ஊற்றும் முன்னால் ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சுர்ரென்று ஆவியானால் இன்னும் காயவில்லை. முத்து மாதிரி உருண்டு ஓடினால் தயார். ஓடியது. அந்தத் துளி போய் வாணலி உலர்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிச் சுழற்றிவிட்டு, பயறை ஒரே அடுக்காகப் பரப்பினேன். இரண்டு கப் பயறு 26 சென்டிமீட்டர் வாணலிக்கு அதிகம், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அப்படி ஏறினால் அடியிலிருப்பது விடும் ஆவியில் மேலே இருப்பது வேகுமே தவிர சிவக்காது. பாதிப் பயறைத்தான் போட்டேன். மீதி கிண்ணத்தில் காத்திருந்தது.

கரண்டியை மேடையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். முதல் ஒரு நிமிடம் ஈரம் போகும் சத்தம், ஸ்ஸ்ஸென்று ஒரே சீராக. பிறகு சத்தம் குறைந்து, இடைவெளி விட்டுச் சிறு சிறு வெடிப்பாக மாறியது. எண்ணெயின் ஓரத்தில் இருந்த பயறுகளைச் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று ஏறி வந்தது. மூன்றாவது நிமிடத்தில் தட்டைக் கரண்டியின் முனையால் ஒரே ஒரு பயறைத் தள்ளிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன். நான்காவது நிமிடத்தில் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. திருப்பும் நேரத்தைப் பயறே சொல்கிறது. சிவக்காதவரை அது வாணலியைப் பிடித்துக்கொண்டிருக்கும், சிவந்ததும் தானாக விடும். கரண்டியை அடியோடு கொடுத்து மொத்தமாகப் புரட்டினேன். அடிப்பக்கம் முந்திரி வறுத்த நிறம், அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள், சில இடத்தில் தோல் காகிதம் மாதிரி விரிந்து மொறுமொறுப்பாக நின்றது. இன்னும் இரண்டு நிமிடம். பிறகு தட்டில் எடுத்து, சூட்டோடு ஒரு சிட்டிகை உப்பு தூவினேன்.

இப்போது வாணலியின் சூட்டை இறக்க வேண்டும். நெருப்பைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், நறுக்கிய வெங்காயம், பொடித்த கீரைத்தண்டு. வெங்காயத்தின் ஈரமே வாணலியை ஆறவைத்துவிடும். நாலு நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி போல் ஆனது, தண்டும் பாதி வெந்தது. அந்தச் சூட்டில்தான் பூண்டும் மிளகாயும். அரை நிமிடம் போல வதங்கி மணம் மேலே வந்ததும், பூண்டு நிறம் மாறத் தொடங்கும் முன்னாலேயே, கீரை இலை முழுவதையும் மேலே குவித்துவிட்டேன். கீரையின் ஈரம் இறங்கியதும் பூண்டு கருகுவது நின்றுவிடும். முதல் தடவை எனக்கு வில்லங்கமாக இருந்த அதே தண்ணீர் இங்கே காவலுக்கு நின்றது.

நெருப்பைக் கூட்டி, கீரையை அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருந்தேன். மலைபோல் இருந்தது இரண்டு நிமிடத்தில் ஒரு கைப்பிடி அளவுக்கு அமுங்கியது. பாலக் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். கேல் தடிப்பானது, இன்னும் இரண்டு நிமிடம் வேண்டியிருந்தது. அப்போது கிண்ணத்தில் காத்திருந்த சிவக்காத பயறையும், எடுத்து வைத்த தண்ணீரில் கால் கப்பையும் சேர்த்தேன். ஒரு கரண்டி பயறை வாணலியின் ஓரத்தில் வைத்து நசுக்கிவிட்டேன். பயறு வெந்த தண்ணீரில் மாவும் புரதமும் கரைந்திருக்கிறது. எண்ணெயும் இந்தத் தண்ணீரும் சேர்ந்து கொதிக்கும்போது வாணலியைக் குலுக்கினால் இரண்டும் பிரியாமல் ஒன்றாகக் கூடி, வெண்மையாக, கரண்டியின் முதுகில் படியும் அளவுக்குக் கெட்டியாகும். வாணலியின் அடியில் ஒட்டியிருந்த பழுப்புப் படிவமும் அதில் கரைந்து வந்தது. அன்றைய ருசியில் பாதி அங்கே இருந்தது.

அடுப்பை அணைத்தேன். எலுமிச்சை பிழிந்து, மிளகு பொடித்துப் போட்டு, கடைசியாக மொறுமொறு பயறை மேலே கொட்டினேன், கலக்கவில்லை. கலந்தால் சாறு ஏறி ஐந்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும். பயறு துணியிலிருந்து வாணலிக்குப் போனதிலிருந்து இதுவரை 18 நிமிடம். நறுக்கியதும் அலசியதும் சேர்த்தால் 30.

மகள் முதலில் மேலே இருந்த பயறை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டாள். பிறகு கீரையும் போனது. "அப்பா, அந்த மொறுமொறு இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டாள். பாதிப் பயறைத்தான் சிவக்க வைத்தேன் என்பதால் இல்லை. அடுத்த தடவை மூன்றில் இரண்டு பங்கை இரண்டு ஈடாகச் சிவக்க வைப்பதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மற்ற சில குறிப்புகள்

கொண்டைக்கடலை இந்த முறைக்கு இன்னும் நன்றாக ஒத்துவரும். எளிதில் உடையாது. சிவக்க ஓரிரு நிமிடம் அதிகம் எடுக்கும். காராமணி மென்மையானது. அதைச் சிவக்க வைக்க நினைக்காமல் சாறோடு சேர்ப்பதே மேல். தக்காளி வேண்டுமென்றால் கீரைக்கு முன்னால் போட்டு வதக்கலாம், ஆனால் வார்ப்பிரும்பில் நீண்ட நேரம் கொதிக்க விடக் கூடாது. புளிப்பு வாணலியின் எண்ணெய்ப் படலத்தைத் தின்னும், சாப்பாட்டில் இரும்பு வாடை வரும். பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் என்றால் எவர்சில்வர் வாணலிக்குப் போய்விடுங்கள்.

சோற்றோடும் சாப்பிடலாம், ரொட்டியோடும் சாப்பிடலாம். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், பயறில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. தானியத்தில் அது தலைகீழ். ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும், ஒரே வாயில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். மூன்று நாள் தாங்கும். மறுநாள் மொறுமொறுப்பு இருக்காது. ஆனால் சாறு பயறுக்குள் இறங்கி ருசி கூடியிருக்கும். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் சாறு மறுபடி இளகும்.

வாணலியைச் சூடு ஆறியதும் வெந்நீரில் தேய்த்தேன். அடியில் ஒட்டிய பயறு மாவு மட்டும் வரவில்லை. கல்லுப்பு ஒரு கரண்டி போட்டுத் துணியால் தேய்த்ததும் வந்துவிட்டது. அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்து ஈரத்தை விரட்டி, நாலு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டு உள்ளும் புறமும் துடைத்து மாட்டி வைத்தேன். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தால் அதிகம். பிசுக்காகப் படிந்து அடுத்த தடவை பயறு ஒட்டும்.